உடையாத கோப்பைகள், உடைந்த சில்லுகள்: இடைக்கால இஸ்லாமியக் கண்ணாடிக் குவளைகளின் வரலாறு

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 16 செ.மீ. உயரமுள்ள ஒரு கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில் சிரியாவிலோ எகிப்திலோ ஊதிச் செய்தது. அடி ஒடுங்கி வாய் விரிந்த வடிவம். மேனியெங்கும் நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை எனாமலும் பொன்னும் சேர்ந்த பின்னல் வேலைப்பாடு. வட இங்கிலாந்தில் ஈடன்ஹால் என்ற ஊரில் மஸ்கிரேவ் குடும்பத்தார் இதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். நீரூற்றருகே தேவதைகள் விட்டுச்சென்றது என்றும், இது உடைந்தால் குடும்பத்தின் நல்வாழ்வும் போய்விடும் என்றும் அவர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. ஜெர்மன் கவிஞர் உலாண்ட் 1834இல் எழுதிய கவிதையில் கோப்பை உடைந்தே விடுகிறது. உண்மையில் அது 1926இல் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்து, 1958இல் அதன் உடைமையாகி, இன்றும் முழுசாக இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் அதற்கென்றே தைத்த தோல் உறையும் உடன் இருக்கிறது.

இந்தக் கோப்பை பிழைத்ததற்குக் காரணம் அதில் யாரும் அன்றாடம் குடிக்கவில்லை என்பதுதான். கண்ணாடிக் கோப்பை புழக்கத்தில் இருந்தால் உடையும். உடைந்தால் உலைக்குத் திரும்பும். தோல் உறைக்குள்ளும் தேவாலயக் கருவூலத்துக்குள்ளும் போனவை மட்டும் முழுசாக எஞ்சின. அந்தச் சிலவற்றை வைத்துத்தான் இஸ்லாமிய உலகின் குடிகலன் வரலாறு நெடுங்காலம் எழுதப்பட்டது. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் கடலடியிலிருந்தும் குப்பைமேடுகளிலிருந்தும் உலைத் தரைகளிலிருந்தும் வந்த சில்லுகள் அந்த வரலாற்றை ஏறக்குறைய முழுவதும் மாற்றி எழுதியிருக்கின்றன. எது மாறியது, எது இன்னும் தீராத வழக்காக நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கருவூலங்களைப் பார்த்துவிடுவோம். பிரான்சின் சார்த்ர் நகரில் 'சார்லமேன் கோப்பை' என்று ஒன்று உண்டு. பேரரசர் சார்லமேன் 814இல் இறந்தார். கோப்பையோ அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பிந்தியது. துவே நகரில் 'எட்டுக் குருமார் கோப்பை' இருக்கிறது; எட்டுக் குருமார்களுக்கு ஏற்படுத்திய 14ஆம் நூற்றாண்டு அறக்கட்டளையோடு சேர்ந்து அது காக்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு 1898இல் வாடெஸ்டன் கொடையாக வந்த பாமர் கோப்பை இன்னும் வியப்பானது. அரியணையில் அமர்ந்த அரசரும் அவர் சுற்றமும் எனாமலில் தீட்டப்பட்டிருக்க, மேலே ஓடும் அரபு எழுத்து மதுவைப் போற்றும் கவிதை. எழுதியவர் 10ஆம் நூற்றாண்டில் அலெப்போ அரசவையில் வாழ்ந்த குஷாஜிம். அந்தக் கோப்பைக்குப் பிரான்சில் ஒருவர் வெள்ளித் தண்டும் அடிப்பீடமும் பூட்டி, திருப்பலிக் கிண்ணம் போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டார். அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இத்தகைய பொருள்களை முதன்முதலில் முறையாகத் தொகுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் யோஹான் லாம். 1929-30இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய இரண்டு பெருந்தொகுதிகள் இன்றும் இத்துறையின் அடித்தளம். எனாமல் கோப்பைகளை ரக்கா, அலெப்போ, டமாஸ்கஸ் என்று ஊர்வாரியாகப் பிரித்துக் காலமும் குறித்தார். வண்ணப் புள்ளிகளின் தடிமன், பொன்கோட்டின் நுணுக்கம் போன்றவை அவருக்கு அடையாளங்கள். அந்தப் பகுப்பை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஊர்ப்பெயர்களுக்கு அகழாய்வுச் சான்று இல்லை. நடை வேறுபாடு ஊர் வேறுபாடாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயினும் லாமைக் குறை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. உடைந்த துண்டுகளையும் மதித்து வரைந்து பதிப்பித்தவர் அவர். ஈராக்கின் சமர்ரா நகரக் கண்ணாடிக்கென்று 1928இலேயே தனி நூல் எழுதியவர். பின்வந்தவர்கள் அவரை மறுப்பதற்கான தரவுகளில் பாதி அவருடைய பக்கங்களிலேயே இருந்தன.

சில்லுகள் பேசத் தொடங்கிய இடம் துருக்கியின் தென்மேற்குக் கரை. செர்ச்சே லிமானி என்ற சிறு விரிகுடாவில் 1025 வாக்கில் ஒரு வணிகக் கப்பல் மூழ்கியது. ஜார்ஜ் பாஸ் தலைமையில் 1977 முதல் 1979 வரை அதை அகழ்ந்தார்கள். கப்பலில் இருந்தது மூன்று டன் கண்ணாடி. இரண்டு டன் கட்டி கட்டியான மூலக்கண்ணாடி; ஒரு டன் உடைசல். ஃபாத்திமிய ஆட்சியில் இருந்த சிரியக் கரையோரப் பட்டறையின் கழிவு, மறுபடி உருக்குவதற்காக பைசாந்திய நாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காலத்தைக் காட்டிக்கொடுத்தவை நாணயம் நிறுக்கும் எடைக்கற்கள்; அவையும் கண்ணாடியே, 1020களில் அச்சிட்டவை. சில்லுகளின் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில். போட்ரம் கோட்டையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, நிறம் பார்த்து, வளைவு பார்த்து, விளிம்பு பார்த்து, ஒன்றோடொன்று பொருத்தினார்கள். உடைசலாகவே கப்பலேறிய கலன்கள் நூற்றுக்கணக்கில் வடிவம் திரும்பப் பெற்றன.

இந்தக் கப்பலின் அருமை இதுதான்: கருவூலம் அரிதானதை மட்டும் பொறுக்கி வைக்கும், பட்டறைக் கழிவு எதையும் பொறுக்காது. சாதாரணக் குடிகுவளைகள், அச்சில் ஊதி வரிவரியாக்கிய குவளைகள், சக்கரத்தால் சிங்க உருவம் செதுக்கியவை, ஊதும்போதே கோணிப்போனவை எல்லாம் ஒரே குவியலில் கிடந்தன. ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில், எளிய குவளையும் ஆடம்பரக் குவளையும் கலந்தே உருவாயின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. நடையை வைத்துக் காலவரிசை அமைக்கும் பழைய முறைக்கு இது பெரிய அடி. எளிமையானது முந்தியது, நுணுக்கமானது பிந்தியது என்று இனி எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

அடுத்து மூலப்பொருள். என் பார்வையில் இந்த வரலாற்றின் நடுமுள் இங்குதான் இருக்கிறது. கலைவரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருத்தம் தருகிறது. வெறும் மணல் உருக 1,700 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். சோடா சேர்த்தால் அது 1,100 அளவுக்கு இறங்கும். உரோமர் காலம் முதல் அந்தச் சோடா எகிப்தின் வாடி நத்ருன் ஏரிப் படிவுகளிலிருந்து வந்தது. இஸ்லாமிய ஆட்சி வந்த உடனே எதுவும் மாறிவிடவில்லை. இன்றைய இஸ்ரேலின் ஹதேரா அருகே பெத் எலியேசர் என்ற இடத்தில் 7-8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 17 தொட்டி உலைகள் வரிசையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தடவைக்குப் பல டன் கண்ணாடி உருக்கி, ஆறியபின் உடைத்து, கட்டிகளாக ஊதுபட்டறைகளுக்கு விற்றார்கள். உருக்குபவர் வேறு, ஊதுபவர் வேறு என்ற இந்தப் பிரிவை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடைசியில் இதுவே பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 9ஆம் நூற்றாண்டுக்குள் எகிப்தின் சோடா வரத்துக் குன்றியது. டெல்டாப் பகுதியின் கலகங்கள் காரணம் என்பார் சிலர், தட்பவெப்ப மாற்றத்தால் படிவு குறைந்தது என்பார் சிலர், இரண்டும் சேர்ந்திருக்கலாம். கண்ணாடிக்காரர்கள் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு மாறினார்கள். நம் கடலோர உப்பளங்களில் சிவந்து படரும் உமரியின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் அவை. மெசபொட்டேமியாவிலும் ஈரானிலும் இந்த வழக்கம் அறுபடாமல் இருந்துவந்தது. இப்போது அது மத்தியதரைக் கரைவரை பரவியது. சாம்பல் கண்ணாடியில் மக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு சிறு துணுக்கைச் சோதித்தாலே எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

மாற்றம் சுலபமாக நடக்கவில்லை. பெத் ஷெயாரிம் குகையொன்றில் அருங்காட்சியகம் அமைப்பதற்காக 1956இல் இடம் ஒழுங்குசெய்தபோது, நகர்த்த முடியாத ஒரு பாளத்தைத் தரையோடு விட்டுவிட்டார்கள். 3.4 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 9 டன் எடையும் கொண்ட அது கண்ணாடி என்பது 1963இல்தான் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்துபோனதால் கண்ணாடியாகத் தெளியாமல் பாழானது என்று கார்னிங் அருங்காட்சியகத்தின் ராபர்ட் பிரில் கண்டறிந்தார். புதிய சாம்பலுக்குப் பழைய மணல் பொருந்தவில்லை. பாலஸ்தீனக் கடற்கரை மணலிலேயே சிப்பிச் சுண்ணாம்பு நிறைய உண்டு. சாம்பலும் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கொண்டுவரும். ஹாரூன் அல்ரஷீத் 796 முதல் 808 வரை தங்கி ஆண்ட ரக்காவில் ஜூலியன் ஹெண்டர்சன் அகழ்ந்த பட்டறைகளும் இதையே வேறு விதமாகக் காட்டுகின்றன. பழைய சோடாக் கண்ணாடி, சாம்பல் கண்ணாடி, இரண்டையும் கலந்து பார்த்த சோதனைக் கலவைகள் என எல்லாம் அங்கே கிடைத்தன. அந்த உலைகளருகே நின்றவர்களின் பெயர் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. ஆனால் ஈடன்ஹால் கோப்பை வரை வந்த மரபு அவர்களுடைய தோல்விகளின் மேல்தான் எழுந்தது.

ஊதும் கலை இஸ்லாத்துக்கு மிக முந்தியது, கி.மு. முதல் நூற்றாண்டில் இதே சிரிய-பாலஸ்தீனக் கரையில் பிறந்தது. குழல் நுனியில் செங்குழம்பைச் சுற்றி எடுத்து, ஊதி, கல்லில் உருட்டி, அடியில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்து, குழலிலிருந்து பிரித்து, வாயை மறுபடி சூடாக்கி விரிப்பது என்ற வரிசையை இஸ்லாமியப் பட்டறைகள் அப்படியே ஏற்றன. அவர்கள் கூட்டியது அலங்காரத்தில். அவற்றில் இடுக்கி வேலை எனக்கு மிகப் பிடித்தது. வடிவம் பொறித்த வாய்கொண்ட இடுக்கியால், சூடாக இருக்கும் சுவரை உள்ளும் புறமும் சேர்த்துக் கவ்வி அழுத்தினால் வட்டம், பூ, சில நேரம் எழுத்து பதியும். இடுக்கியின் ஒரு தாடை உள்ளே போக வேண்டும் என்பதால் வாயகன்ற கலனுக்கே இது பொருந்தும். ஆகவே கிண்ணமும் குவளையும்தான் இதற்குக் களம்.

மினுக்கு வண்ணம் தீட்டும் முறை எகிப்தில் 8ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பதற்கு ஃபுஸ்தாத் நகரில் ஜார்ஜ் ஸ்கேன்லன் 1965இல் கண்டெடுத்த கோப்பை முதன்மைச் சான்று. வெள்ளியும் செம்பும் கலந்த பூச்சைக் கலன் மேல் தீட்டிக் குறைந்த காற்றில் சுட்டால், உலோகம் கண்ணாடிக்குள்ளேயே ஊறிப் பழுப்பும் மஞ்சளுமாகக் கறைபடும். தடவிப் பார்த்தால் மேடு தட்டாது. அந்தக் கோப்பையில் அப்த் அல்சமத் இப்னு அலி என்ற ஆளுநரின் பெயர் இருக்கிறது. அவர் எகிப்தை ஆண்டது 773இல், அதுவும் மிகக் குறுகிய காலம். இத்தனை துல்லியமாகக் காலம் சொல்லும் குடிகலன் இந்த வரலாற்றிலேயே அரிது. பீங்கான் கலைஞர்கள் இதே மினுக்கை மட்பாண்டத்தில் தீட்டியது இதற்குப் பிறகு, 9ஆம் நூற்றாண்டு ஈராக்கில்.

யார் குடித்தார்கள், எதைக் குடித்தார்கள்? பொன், வெள்ளிக் கலன்களில் குடிக்கலாகாது என்ற நபிமொழி இருப்பதால் செல்வர்கள் கண்ணாடிக்கு மாறினார்கள் என்பது பல நூல்களில் திரும்பத் திரும்ப வரும் விளக்கம். அது முழு விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. அரசவைகளில் பொன், வெள்ளிக் கலன்கள் புழங்கியதற்கு எழுத்துச் சான்று ஏராளம். மறுபுறம், கண்ணாடி செல்வர் வீட்டோடு நின்றதும் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபுஸ்தாத்துக்கு வந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அங்காடியில் மளிகைக்காரர்களும் மருந்துக் கடைக்காரர்களும் பொருளோடு அதற்கான கண்ணாடிக் கலனையும் மண்கலனையும் தாங்களே தந்துவிடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே தெளிந்த பச்சைக் கண்ணாடி எடைக்கு விற்றது என்றும் குறிப்பிடுகிறார். மலிவு, வாசம் ஏறாத தன்மை, கழுவினால் சுத்தமாகிவிடும் எளிமை, உள்ளிருக்கும் நிறம் தெரிவது ஆகியவையே கண்ணாடியை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. தண்ணீரும் சர்பத்தும் பேரீச்சையும் திராட்சையும் ஊறவைத்த நபீதும் அதில் குடித்தார்கள். நபீது எந்த அளவுக்கு ஆகுமானது என்பதில் கூஃபாவின் சட்ட அறிஞர்களும் மற்றவர்களும் மாறுபட்டார்கள். மதுவும் இருந்தது, அபூ நுவாஸ் முதல் குஷாஜிம் வரை கவிஞர்கள் மதுவோடு கண்ணாடியின் தெளிவையும் சேர்த்தே பாடினார்கள். பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு எனாமல் குவளை இணை ஒன்றில் கிறித்தவக் காட்சிகள் உள்ளன. ஒன்றில் இயேசு எருசலேமுக்குள் நுழைகிறார். 'இஸ்லாமிய' என்ற அடைமொழி ஆட்சிப் பரப்பைக் குறிக்கிறது. செய்தவரும் வாங்கியவரும் முஸ்லிம்களாகவே இருக்க வேண்டியதில்லை. 1170 வாக்கில் அவ்வழியே சென்ற தூதேலாவின் பெஞ்சமின், அந்தியோக்கியாவிலும் தீருவிலும் யூதக் கண்ணாடிக்காரர்களைப் பதிவுசெய்திருக்கிறார்.

இனி தீராத வழக்கு. ஹெட்விக் கோப்பைகள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. முழுசாக எஞ்சியவை பதினான்கு அளவில். தடித்த சுவர், புகைபடிந்த மஞ்சள் நிறம், ஆழமாக வெட்டிய சிங்கம், கழுகு, சிறகுச் சிங்கம், வாழ்வின் மரம். சிலேசியக் கோமகளான புனித ஹெட்விக் (1174-1243) தண்ணீர் மட்டுமே குடிப்பதைக் கண்டு கணவர் கவலைப்பட்டார் என்றும், அவர் கோப்பையிலிருந்த தண்ணீர் மதுவாக மாறியது என்றும் ஒரு கதை. அந்தக் கோப்பை இவற்றுள் ஒன்று என்ற நம்பிக்கையால் வந்த பெயர் இது. கோபுர்க் கோட்டையில் உள்ளது புனித எலிசபெத்திடம் இருந்து, பின்னாளில் மார்ட்டின் லூதர் கைக்கு வந்தது.

இவற்றை எங்கே செய்தார்கள்? முழுக் கோப்பைகள் அனைத்தும் ஐரோப்பாவில் காக்கப்பட்டவை. சில்லுகளும் பெலாருஸின் நோவோகுருடோக் போன்ற இடங்களில்தான் கிடைத்தன. இதனால் பைசாந்தியம் என்றும், நார்மன் அரசர்கள் ஆண்ட சிசிலி என்றும் வாதிட்டார்கள். வெட்டு வேலை ஃபாத்திமிய எகிப்தின் பளிங்குச் செதுக்கலையும் அதற்கு முந்திய நிஷாப்பூர் வெட்டுக் கண்ணாடியையும் நினைவூட்டுவதால் எகிப்து என்றார்கள் வேறு சிலர். வேதியியல் சோதனை சாம்பல் கண்ணாடி என்றும், அதன் கலவை லெவான்ட் எனப்படும் சிரிய-பாலஸ்தீனக் கரையோடு ஒத்துப்போகிறது என்றும் காட்டியது. வழக்கு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்த இடம் அது. முடியவில்லை. செர்ச்சே லிமானி கப்பலில் மூலக்கண்ணாடி இரண்டு டன் இருந்ததை நினைத்துப் பாருங்கள். லெவான்டில் உருக்கிய கட்டியைக் கப்பலேற்றிச் சிசிலியில் கலனாக்கியிருந்தாலும் சோதனை இதே விடையைத்தான் தரும். சிலுவைப்போர்க் காலச் சிரியக் கரையில், ஐரோப்பிய வாங்குபவரை மனத்தில் வைத்துச் செய்தவை என்ற கருத்துப் பக்கமே நான் சாய்கிறேன்; இஸ்லாமிய நாடுகளில் இவை காணாமல் இருப்பதையும் அது விளக்குகிறது. சிசிலி வாதத்தைத் தள்ளிவிடும் சான்று மட்டும் இன்னும் இல்லை.

எனாமல் கோப்பைகளின் தொழில்நுட்பம் ஒப்பீட்டில் தெளிவாகிவிட்டது. வண்ணக் கண்ணாடியை அரைத்துக் குழைத்து, ஆறிய கலன் மேல் தீட்டி, கலனை மறுபடி கம்பியில் ஒட்டி உலை வாயில் காட்டினார்கள். எனாமல் உருக வேண்டும், கலன் சரியக் கூடாது. நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லாசுலிக் கல்லைப் பொடித்துச் சேர்த்ததை ஆய்வகங்கள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் அல்கஸ்வீனி அலெப்போவின் கண்ணாடி அங்காடியைப் புகழ்ந்து எழுதினார். 1400-01இல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடிக் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோனதோடு இக்கலை முடிந்தது என்பது வழக்கமான முடிவுரை. கண்ணாடிக்காரர்களும் அவர்களில் இருந்ததாக ஸ்பானியத் தூதர் கிளாவிகோ எழுதுகிறார். ஆனால் நலிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மேற்கே ஒரு போட்டியாளர் வளர்ந்துகொண்டிருந்தார்.

1277இல் வெனிஸ் அரசு, சிரியக் கரையின் சிலுவைப்போர் நாடான திரிப்போலியை ஆண்ட ஏழாம் பொகிமண்டோடு செய்த உடன்படிக்கையில் உடைந்த கண்ணாடிக்கான வரி பற்றி ஒரு விதி இருக்கிறது. சிரியாவின் உடைசல் வெனிஸ் உலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரியச் செடிச்சாம்பலும் கூடவே போனது. 1291இல் உலைகள் முரானோ தீவுக்கு மாற்றப்பட்டன. ஆல்ட்ரெவாண்டின் என்ற கைவினைஞரின் பெயரை லத்தீனில் தாங்கிய எனாமல் கோப்பை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உண்டு. அதையும் அதன் இனத்தாரையும் சிலுவைப்போர் நாடுகளில் செய்தவை என்று பல பத்தாண்டுகள் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். முரானோ ஆவணங்களில் 1280க்கும் 1348க்கும் இடையே கோப்பைக்கு வண்ணம் தீட்டியவர்களின் பெயர்களை லூயிஜி செக்கின் எடுத்துக்காட்டிய பிறகு அவை வெனிசுக்கு இடம்பெயர்ந்தன. லண்டன் ஃபாஸ்டர் லேனில் இவ்வகைச் சில்லுகள் குவியலாகக் கிடைத்தபோது, இவை எத்தனை பரவலாக விற்றன என்பதும் தெரிந்தது.

பிரான்சின் ஐந்தாம் சார்லஸ் அரசரின் 1379-80 உடைமைப் பட்டியலில் 'டமாஸ்கஸ் பாணி'க் கண்ணாடிகள் பதிவாகியிருக்கின்றன. பழைய ஆய்வாளர்கள் அவற்றைத் தயங்காமல் சிரியப் பொருள்களாக எடுத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் முரானோவும் அதே வடிவத்தில், சிரியச் சாம்பலாலும் சிரிய உடைசலாலும் உருக்கிய கண்ணாடியில் எனாமல் தீட்டிக்கொண்டிருந்தது. எனவே இன்று ஒரு கோப்பையின் மேனியை மட்டும் சோதித்துப் பயனில்லை. எனாமலின் ஒவ்வொரு நிறத்தையும், அடியில் கம்பி ஒட்டிய வடுவையும், தூரிகைக் கோட்டின் வரிசையையும் பட்டறைக் கழிவோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. சார்லஸ் அரசரின் கோப்பைகளுக்கு அதைச் செய்ய வழியில்லை, பட்டியல்தான் எஞ்சியது. ஃபுஸ்தாத், ஹமா, ரக்கா அகழ்வுகளின் சில்லுகளுக்குச் செய்ய முடியும். அவற்றில் பெரும்பகுதி அருங்காட்சியகக் காட்சிக்கூடத்துக்கு வராமல், கிடங்கில் எண்ணிட்ட பெட்டிகளில் இருக்கிறது.